மூன்று தலைமுறைக்கு ஒரு தரை

வீடு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன சுவரும் கூரையுமே. புது வீடு பார்க்கச் செல்கின்றவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். சன்னலைத் திறந்து மூடுவார்கள். தரையைக் குனிந்து தொட்டுப் பார்ப்பவரைக் காண்பது அரிது. ஆயினும், வீட்டில் நம் உடம்பை ஓயாது தாங்கி நிற்பது தரை ஒன்றுதான். அதில் நடக்கிறோம், அமர்கிறோம், உண்கிறோம், உறங்குகிறோம். குழந்தை அதில் தவழ்கிறது. மாணவன் அதில் கவிழ்ந்து படுத்து எழுதுகிறான். முதியவர் அதில் அடிமேல் அடிவைத்து நடக்கிறார். இத்தகைய தரையைத் தேர்ந்துகொள்வது எவ்வாறு என்பதுபற்றி, சிறப்பாக மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறையினர் கூடி வாழும் சிறு வீடுகளை மனத்திற்கொண்டு, இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

நான் கட்டடக் கலைஞன் அல்லன். கொத்மலைப் பகுதியில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். தரையைப்பற்றிப் பேச அதிபருக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பல ஆண்டுகளாகக் கொப்பிகளைத் திருத்தியதனால் வந்த தகுதி ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் கொப்பியைக் கையில் எடுத்ததும், அப்பிள்ளை எத்தகைய தரையில் இருந்து எழுதுகிறது என்பதை ஓரளவு சொல்லிவிட என்னால் இயலும். ஈரத் தரையில் வைத்து எழுதிய கொப்பியின் ஓரங்கள் அலை அலையாகச் சுருண்டிருக்கும், மை பரவியிருக்கும், தாளிலிருந்து பூஞ்சண வாடை எழும். தோட்டத்துப் பிள்ளைகளுள் பலருக்குத் தரையே மேசை, தரையே நாற்காலி. ஆதலின் இது என் தொழிலுக்குப் புறம்பான பொருள் அன்று என்றே கருதுகிறேன்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். தேயிலை பரவப் பரவ, கோப்பிக் காலத்தில் தொடங்கிய லயங்களும் மலைச்சரிவெங்கும் பெருகின. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அளவான ஒரு காம்பராவும், அதன் முன்னே ஓர் இஸ்தோப்புமே. தொடக்கத்தில் மண் தரை இருந்தது. பெண்கள் அதைச் சாணமிட்டு மெழுகிக் காத்தனர். பின்னர்ச் சீமெந்துத் தரை வந்தது. ஆனால் காம்பரா மட்டும் வளரவில்லை, குடும்பமே வளர்ந்தது. மகனுக்கு மணமாகும், பேரன் பிறப்பான், தாத்தாவும் பாட்டியும் இஸ்தோப்புக்கு ஒதுங்குவர். முடிவில், வெளிநாட்டில் உழைக்கும் மகளோ கொழும்பில் கடையில் நிற்கும் மகனோ அனுப்பும் பணத்தைச் சேர்த்து, லயத்தின் பின்புறத்தில் மேலதிகமாக ஓர் அறை கட்டுவார்கள். இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட 550 சதுர அடித் தனி வீடுகளிலும் இதே கதைதான். ஏழு பேர்ச் காணி, இரண்டு படுக்கை அறை. சில ஆண்டுகளில் முதியோருக்கென்று மற்றோர் அறை தேவைப்பட்டுவிடுகிறது. அந்த அறையின் தரையே இன்றைய பேச்சின் பொருள்.

நானும் அத்தகைய அறை ஒன்று கட்டினேன். அதிலே ஒரு தவறும் செய்தேன்.

என் தாயார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவர் பிரட்டுக்குப் போவதை நிறுத்திய பின், பழைய காம்பராவின் பின்புறத்தில் அவருக்கென்று ஓர் அறை எழுப்பினேன். நகரத்துக் கடையொன்றில், கண்ணாடிபோல மின்னிய வெண்ணிற டைல்களைக் கண்டு மயங்கினேன். என் முகமே அவற்றில் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் சேற்றிலும் கல்லிலும் நடந்த தாய்க்கு இப்படி ஒரு தரை அமைத்துக் கொடுப்பதில் மகனுக்கு ஏற்படும் பெருமையை நீங்கள் உணர்வீர்கள். அயலவர் வந்து பார்த்தனர், வியந்தனர். இரண்டு மாதம் கழித்து, மழைநாள் ஒன்றின் மாலையில், பீலியடியிலிருந்து நனைந்த காலோடு உள்ளே வந்த அவர், வாசலுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தவாறு அவர் என்னிடம் சொன்ன சொல் இது: “தரை மேல குத்தமில்ல தம்பி. பாத்து நடக்காத எம் மேலதான் குத்தம்.”

நேயர்களே, அந்தத் தாய் சொன்னது தவறு. தாய் சொல்லை மறுத்துப் பேசுவது எனக்கு வழக்கமன்று. இதில் மட்டும் மறுக்கிறேன். தரைக்கு ஏற்றபடி முதியவர் நடக்க வேண்டும் என்பது நீதியன்று. முதியவருக்கு ஏற்றபடி தரை அமைய வேண்டும் என்பதே நீதி. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து உயிரிழக்கின்றனர் என்றும், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்கள் எல்லாரும் கவனமின்றி நடந்தவர்கள் என்று நாம் கூறுவோமா?

ஆகவே, டைலா, சீமெந்தா, பலகையா என்ற கேள்வியைச் சற்று நேரம் ஒதுக்கிவைப்போம். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உள.

முதலாவது, இந்த அறை எந்த மண்ணில் நிற்கிறது? லயத்தின் பின்புறம் என்பது பெரும்பாலும் வெட்டிய மண்மேடு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து எத்தனை குடும்பங்களை மூடின என்பதை நாம் கண்டோம். கொத்மலை மக்களாகிய எங்களுக்கு அதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேட்டை மேலும் வெட்டித்தான் அறை கட்டவேண்டும் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். புதிய தரையில் நீளமாக வெடிப்பு ஓடினாலும், நேராக நின்ற மரமோ வேலிக்காலோ சாய்ந்தாலும், மேட்டின் அடியில் புதிதாகச் சேற்றுநீர் கசிந்தாலும், அதைச் சீமெந்து பூசி மறைப்பது பேதைமை. அது வீட்டை விட்டு வெளியேறுக என்று மலை விடுக்கும் எச்சரிக்கையாகலாம்.

இரண்டாவது, தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா? இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டு ஒன்றை எடுத்து, தரையில் விரித்து, நாற்புறமும் ஒட்டுநாடாவினால் காற்றுப் புகாதபடி ஒட்டுங்கள். ஓர் இரவும் மறுநாட் பகலில் ஒரு பகுதியுமாகப் பதினாறு மணி நேரமேனும் விட்டு, பின்னர் எடுத்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, அவ்விடத்துத் தரை கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது என்பது துணிபு. அத்தகைய தரையின்மேல் எதைப் பதித்தாலும் பயன் இல்லை. புதிதாகக் கட்டுவோருக்கு வழி எளிது. மண்ணை நன்கு இறுக்கி, கல்லும் மணலும் பரப்பி, அதன்மேல் 1000 கேஜ் பருமனுள்ள பொலித்தீன் விரிப்பைக் கிழியாமல் விரித்து, சுவரோரங்களில் சற்று மேலே மடித்துவிட்டு, அதன்மேல் மூன்று அங்குலக் கொங்கிறீட் இடவேண்டும். இந்த விரிப்புக்கு ஆகும் செலவு சிறிது. மறந்துவிட்டாலோ, பிறகு தரை முழுவதையும் உடைத்தாலன்றி அதை உள்ளே வைக்க முடியாது.

மூன்றாவது, பழைய தரையும் புதிய தரையும் ஒரே மட்டத்தில் உள்ளனவா? இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று கண்ணுக்குத் தெரியாத சிறு ஏற்றத்தாழ்வே காலை இடறுகிறது. இயலுமானால் இரண்டையும் சமமாக்குங்கள். இயலாவிடில் ஆறு அங்குல அளவான முழுப் படியாகவே வைத்து, அதன் விளிம்புக்கு வேறு நிறம் தீட்டுங்கள். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் வேண்டியவர் வீட்டில் இருந்தால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைப்பது நன்று. மேட்டுநிலத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது என்பதை அறிவேன். அதனாலேதான் கட்டும் முன்பே மட்டத்தை எண்ண வேண்டும் என்கிறேன்.

இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே மேற்பரப்பைப்பற்றி எண்ணலாம்.

நம்மிடையே சீமெந்துத் தரையை ஏழைகளின் தரை என்று இழிவாக நினைப்போர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி கூறுகிறேன். மெக்சிக்கோ நாட்டின் கோவாகுயிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கிற்று. உறுதியான தரை என்பது அதன் பெயருக்குப் பொருள். மண் தரை வீடுகளுக்கு அரசாங்கம் கொங்கிறீட்டைக் கொண்டுவந்து கொடுத்தது; வீட்டார் அதைப் பரப்பிக்கொண்டனர். இத்திட்டம் நடந்த நகரத்தையும், மாநில எல்லைக்கு அப்பால் அதை ஒட்டியிருந்த நகரங்களையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டின் மண் தரை முழுவதும் சீமெந்துத் தரையாக மாறியபோது, குழந்தைகளிடம் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றோட்டம் 49 சதவீதமும், இரத்தச்சோகை 81 சதவீதமும் குறைந்தனவாம். அதனினும் என்னைக் கவர்ந்தது, அக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் தெளிவாக உயர்ந்தது என்ற முடிவே. தரைக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஓர் ஆசிரியனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் பரப்பு 120 சதுர அடி. மூன்று அங்குலக் கொங்கிறீட்டை ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், ஆறு பங்கு சல்லிக்கல் என்று கலந்தால், ஏறத்தாழ நான்கு மூடைச் சீமெந்து செல்லும். மேலே அரை அங்குலப் பூச்சுக்கு ஒன்றரை மூடை. ஆக ஐந்தரை, ஆறு மூடையில் ஓர் அறையின் தரை முடிந்துவிடும். ஆனால் பூசிய மறுநாளே கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். ஒரு வாரமேனும் நனைத்த சாக்கினால் மூடி, ஈரம் காயாமல் காக்கவேண்டும். வெப்பநாடுகளில் காய்வதினும் நம் குளிர்நாட்டில் சீமெந்து மெதுவாகவே இறுகும். அவசரப்பட்ட தரை ஆண்டுக்குள் தூள் பறக்கும்.

சிவப்புச் சாயத்தூள் கலந்து இழைத்த தரையை இலங்கை எங்கும் காணலாம். தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து நம் பாட்டிமார் அதற்கு மெருகேற்றினர். அழகிய தரைதான். ஆனால் மெழுகுப் பூச்சு ஏற ஏற, டைலைப் போலவே அதுவும் வழுக்கும். முதியவர் நடக்கும் இடத்தில் மெழுகைத் தவிர்த்து, ஈரத்துணியால் துடைப்பதோடு நின்றுகொள்வது நலம்.

டைலை நான் பகைக்கவில்லை. அது ஈரம் உறிஞ்சாது, கழுவுவது எளிது, நோயாளி இருக்கும் வீட்டில் துப்புரவுக்கு உதவும். பகைக்க வேண்டியது பளபளப்பையே. தரை டைல்களில் வழுக்கலைக் குறிக்கும் அளவு ஒன்று உண்டு. ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண்ணிட்டிருப்பார்கள். எண் பெருகப் பெருக வழுக்கல் குறையும். நீர்படாத அறைக்கு ஆர் 9 போதும். இஸ்தோப்புக்கும் குளியலறைக்கும் ஆர் 10, ஆர் 11 வேண்டும். எண் இல்லையேல், கடைக்காரரிடம் ஒரு டைலைத் தரையில் வைக்கச் சொல்லி, அதன்மேல் நீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடையில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். குளியலறைக்குச் சிறிய டைல்களே ஏற்றவை. இடுக்குகள் மிகுதியாக இருப்பதால் கால் பற்றும். நான்கு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சரிவு வைத்தால் நீர் தேங்காது. ஆனால் மிகுந்த சொரசொரப்பும் ஆகாது. காலை இழுத்து இழுத்து நடக்கும் முதியவரை அது தடுக்கும், அழுக்கும் படியும்.

இனிக் குளிரைப்பற்றி ஒரு சொல். நம் முன்னோர் புறப்பட்டுவந்த தமிழகத்தில், ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் சாயமும் சீமெந்தும் வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே செய்யும் தரைக்கற்கள் புகழ்பெற்றவை. செட்டிநாட்டு வெயிலில் அவற்றின் குளிர்ச்சி பெரும் சுகம். அங்கே சுகமாவது இங்கே துன்பமாகும். டைலும் சீமெந்தும் உள்ளங்காலின் வெப்பத்தை விரைந்து உறிஞ்சிக்கொள்கின்றன; பலகை மெல்லவே உறிஞ்சுகிறது. ஒரே அறையில் ஒரே இரவில் கிடந்த டைலும் பலகையும் ஒரே அளவு வெப்பமுடையனவேயாயினும், கால் வைத்தால் டைலே குளிர்கிறது. இதைத் துரைமார் அறிந்திருந்தனர். பழைய பங்களாக்களில் பலகைத் தரையையும் கணப்படுப்பையும் இன்றும் காணலாம். அதே மலையில், அதே பனியில், லயத்துக்கு வாய்த்தது மண்ணும் சீமெந்துமே.

அறை முழுவதும் பலகை பதிக்க நம்மால் இயலாது. ஈரமும் கறையானும் அதை விட்டுவைக்கா. ஆனால் குழந்தை விளையாடவும் மாணவன் எழுதவும் நாலுக்கு ஆறு அடியில், தரையிலிருந்து இரண்டொரு அங்குலம் உயர்த்தி, அடியில் காற்றோடும்படி ஒரு பலகைத் தட்டு செய்துவிடலாம். சுவரோரமாக வைத்தால் எவருக்கும் இடறாது. என் மாணவர் சிலரின் வீடுகளில் இதைச் செய்யச் சொன்னேன். அவர்களுடைய கொப்பிகளின் ஓரங்கள் இப்பொழுது நேராக இருக்கின்றன.

வண்ணப் பிளாஸ்டிக் விரிப்பு மலிவானது. காலுக்கு ஓரளவு இதமானது. ஆனால் ஈரத் தரையின்மேல் விரித்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஓரம் சுருண்டால் கால் இடறும். விறகடுப்பின் அருகே தீப்பொறி பட்டால் உருகும். ஆகையால் குசினிக்கு அது வேண்டா. அங்கே சாதாரணச் சீமெந்தே பாதுகாப்பு. இஸ்தோப்பிலோ, மலையிலிருந்து திரும்பும் பெண்ணின் படங்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும்; காலில் சேறு இருக்கும். அங்கே சீமெந்து ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் மெல்ல வரியிட்டுவிட்டால் போதும். வாசலில் போடும் சாக்கு நகராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நிறத்திலும் சிறிது கவனம் வேண்டும். தரையும் சுவரும் ஒரே வெண்மையாக இருந்தால், புரை விழுந்த கண்ணுக்கு எல்லை தெரியாது. கட்டம் கட்டமாகக் கறுப்பும் வெள்ளையும் பதித்தால், கறுப்பெல்லாம் பள்ளமாகத் தோன்றி முதியவரைத் தயங்கவைக்கும்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உரிமையாளர் மாறினர், லயத்தில் இருப்போருள் பெரும்பாலோர் கையில் காணி உறுதி இன்றும் இல்லை. தனதல்லாத மண்ணில் ஒருவர் தம் ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் டைலாக ஒட்டிவிட்டால், நாளை வேறிடம் செல்லநேரும்போது அதைப் பெயர்த்தெடுக்க முடியுமா? உறுதி கையில் உள்ளவர் நிலையான தரைக்குச் செலவிடட்டும். இல்லாதவர், ஈரம் தடுக்கும் நல்ல சீமெந்துத் தரையோடு நின்று, எஞ்சிய பணத்தைப் பலகைத் தட்டுக்கும் உயரமான கட்டிலுக்கும் சுவரில் பதிக்கும் கைப்பிடிக்கும் செலவிடுவதே அறிவுடைமை. பலகைத் தட்டும் கட்டிலும் நம்மோடு வரும், கைப்பிடியையும் கழற்றிக்கொள்ளலாம்.

என் தாயார் ஐந்து மாதம் படுக்கையில் இருந்து, ஊன்றுகோலோடு எழுந்தார். அதற்குள் அந்த வெள்ளை டைல்களை நானே உளிகொண்டு பெயர்த்தேன். மேசன் வேண்டா என்று சொல்லிவிட்டேன். அந்த வேலையை நான் செய்யவேண்டும் என்று தோன்றிற்று. புதிதாகச் சீமெந்துத் தரை இட்டோம். இம்முறை ஈரமான பூச்சின்மேல் எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பதை, நாற்காலியில் அமர்ந்திருந்த அவரையே கையால் தடவிப் பார்த்துச் சொல்லச் செய்தோம். “இன்னுங் கொஞ்சம்” என்றார். பிறகு “போதும்” என்றார். மூன்று ஆண்டுகள் அத்தரையில் நடந்தார், ஒருமுறையேனும் விழவில்லை. இப்பொழுது அவ்வறையில் என் தங்கையின் பேத்தி தவழ்கிறாள்.

ஆகவே நேயர்களே, தரை வாங்கக் கடைக்குச் செல்லும்போது கண்ணை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். வீட்டில் மிக மூத்தவர் நடக்கக்கூடியவராயின் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கால் தேர்ந்தெடுக்கட்டும். அவரால் வர இயலாதென்றால், ஒரே ஒரு டைலை வாங்கி வந்து நனைத்து அவர் காலடியில் வைத்துக் கேளுங்கள். அவர் வேண்டா என்று சொன்னால், கடையில் எவ்வளவு மின்னினாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.